ஓட்டமும் துணையும்

தமிழில் ‘ஓட்டம்’ என்னுஞ் சொல்லுக்குப் பெருமை குறைவு. ஆறு ஓடுகிறது, தேர் ஓடுகிறது, நாள் ஓடுகிறது என்பன நல்ல வழக்குகளே. ஆயின் மனிதன் ஒருவன் ஓடினான் என்றால், கேட்பவர் முதலில் வினவுவது அவன் எதற்கு அஞ்சி ஓடினான் என்பதையே. போரிலே புறமுதுகிட்டு ஓடுதலைப் பழந்தமிழ்ச் சமூகம் பேரிழிவாகக் கொண்டது. ‘ஓடிப்போனவள்’, ‘கடன்பட்டு ஓடியவன்’, ‘ஓட்டம் பிடித்தான்’ என்னும் இன்றைய வழக்குகளிலும் அந்த இழிவின் சாயல் நீங்கவில்லை. நடைக்கோ அவ்வாறன்று. நடத்தை, நடைமுறை, உரைநடை என்று மதிப்புள்ள சொற்கள் பல அதனடியாகப் பிறந்தன. நடப்பவன் பண்புள்ளவன், ஓடுபவன் ஏதோ பிழை செய்தவன் என்று மொழியே தீர்ப்பளித்துவிட்டது போலும்.

மன்னார்க் கரையில் இச்சொல்லுக்கு இன்னுமொரு பொருள் உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது, இக்கரையோரத்து மக்கள் பலர் கிடைத்த வள்ளங்களில் ஏறி இராமேஸ்வரக் கரையை அடைந்தனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார்த் தீவின் முஸ்லிம் ஊர்கள் வெறிச்சோடின. அம்மக்களிற் பெரும்பாலோர் புத்தளத்திற் கொட்டில் கட்டி வாழ்ந்தனர். ‘நாங்கள் ஓடின நேரம்’ என்பது இன்றும் இப்பகுதி முதியோரின் பேச்சிலே ஒரு காலக்கணிப்பு. திருமணமும் பிள்ளைப்பேறும் வீடு கட்டியதும் ஓடினதற்கு முன்னா பின்னா என்றே கணக்கிடப்படுகின்றன.

அத்தகைய மண்ணில், எவரும் துரத்தாமலே விடியற்காலையிற் சிலர் ஓடுகின்றனர் என்பதும், ஆண்டு பிறந்ததும் கூடியிருந்து ‘இவ்வாண்டு இவ்வளவு ஓடுவோம்’ என்று இலக்கு வகுக்கின்றனர் என்பதும் சிறிய செய்திகளாயினும் எண்ணத்தக்கவை.

திருக்கேதீஸ்வரம் மன்னார் நகரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர் தொலைவில், தாம்போதிக்கு இப்பால் உள்ள பெருநிலக் கரையில் அமைந்தது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். மாதோட்டம் என்னும் பெயரால் அவர்கள் சுட்டியது பழைய துறைமுகப் பட்டினத்தை. 1980களின் தொடக்கத்தில் ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தை மேட்டில் நடைபெற்ற அகழாய்வு, சீனத்து மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் அங்கு வந்து குவிந்ததைக் காட்டிற்று. கோயிலைப் போர்த்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் இடித்தனர். 1872இல் ஆறுமுக நாவலர் அதனை மீள எழுப்புமாறு வேண்டுகோள் விடுத்தார். 1990இல் கோயிற் சூழல் படையினர் வசமாகி, வழிபாடு பல்லாண்டுகள் தடைப்பட்டது. 2022இற் கருங்கற் றிருப்பணி நிறைவுற்றுக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இடிவதும் எழுவதும் இவ்வூருக்குப் பழகிய செயல்கள்.

ஓடுபவனுக்கு இந்நிலம் வரமுமாகும், சாபமுமாகும். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காற்றுக்கும் வெயிலுக்கும் மறைப்பும் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வாடைக்காற்று. மே மாதத்துக்குப் பின் சோழகம். சோழகம் வீசும் மாதங்களிற் காற்றை எதிர்த்து ஓடும் ஒரு கிலோமீற்றர் மலையேற்றத்துக்கு ஈடு என்பர் அனுபவசாலிகள். தாம்போதியின் இருபுறத்தும் நீர் தேங்கிய சதுப்பிலே, ஒக்டோபர் முதல் மார்ச் வரை வலசைப் பறவைகள் வந்து தங்கும். பூநாரைக் கூட்டம் ஒன்று தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாகத் தெரியும்போது, ஓடுபவர் எவராயினும் வேகத்தைக் குறைக்காமல் இருத்தல் அரிது. தாம்போதியைக் கடந்து நகருள் நுழைந்தாலோ வீதியின் நடுவே கழுதைகள் நிற்கும். அவை விலகா, ஓடுபவரே விலகவேண்டும்.

இவ்வீதியில் ஓடும் குழுவொன்றில் ஐவர் உளர். மூத்தவர் இளைப்பாறிய தமிழாசிரியர். வயது அறுபத்து நான்கு. பாடசாலை நாட்களில் மரதன் ஓட்டத்தில் முதலிடம் பெற்றவர். 1990இல் மண்டபம் முகாமுக்குச் சென்று ஆண்டுகள் பல கழித்துத் திரும்பியவர். மற்றையோர் அவரை ‘மாஸ்ரர்’ என்றே அழைப்பர். இரண்டாமவர் வங்காலைப் பக்கத்து மீனவர், கத்தோலிக்கர். மூன்றாமவர் எருக்கலம்பிட்டியிற் பிறந்து புத்தளத்தில் வளர்ந்து, மீண்டு வந்து நகரிலே கடை நடத்தும் முஸ்லிம் வணிகர். இளையோருக்கு அவர் ‘நானா’. நான்காமவர் விஞ்ஞானம் கற்பிக்கும் இளம் ஆசிரியை. ஐந்தாமவர் வங்கி எழுதுவினைஞர், இருபத்தாறு வயது, ஐவரிலும் விரைவானவர், தூரத்தையும் நாடித்துடிப்பையும் காட்டும் கடிகாரம் கட்டியவர் அவர் ஒருவரே.

ஆசிரியை இக்குழுவிற் சேர்ந்த கதையைத் தனியே சொல்லவேண்டும். பெண்ணொருத்தி விடியற்காலையில் வீதியில் ஓடுவது இப்பகுதியில் இன்னும் பழகாத காட்சி. முதல் மூன்று மாதங்கள் தம்பி சைக்கிளிற் பின்தொடர ஓடினார். தேநீர்க்கடை வாங்கில் இருந்தோர், “பிள்ளை, பஸ்ஸைத் தவறவிட்டிட்டீரோ?” என்று நாடோறும் கேட்டனர். நான்காம் மாதம் தம்பி உறங்கிவிட்டான். அவர் தனியே வந்தார். அன்று அவ்வாங்கிலிருந்தோர் கேட்டது, “தம்பி எங்கே?” என்பது மட்டுமே. கேலி அலுத்தபின் அக்கறையாக மாறுவது சிற்றூர்களின் இயல்பு. எனினும் அந்த மூன்று மாதங்களைத் தாங்கும் பொறுமை எல்லாப் பெண்களிடமும் எதிர்பார்க்கத்தக்கதன்று. பலர் அதற்குள் நின்றுவிடுகின்றனர்.

ஆண்டுத் தொடக்கத்தில் ஓடுவது இலங்கையில் வளர்ந்தோருக்குப் புதிதன்று. சனவரியிற் பாடசாலை ஆண்டு தொடங்கும்; அதனைத் தொடர்ந்து இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் வரும்; அவற்றுக்கு முன்னோடியாக ‘மரதன்’ நடைபெறும். உண்மை மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர், பாடசாலை மரதனில் அதிற் காற்பங்கும் இராது. பெயரின் பெருமைக்காகவே அது மரதன். பிள்ளைகள் வெறுங்காலுடன், பயிற்சியின்றி, முதல் ஐந்நூறு மீற்றரை உயிரைவிட்டு ஓடி, பின்னர் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்து, ஈற்றில் குளுக்கோசு நீர் அருந்தி, அடுத்த சனவரிவரை ஓடுவதில்லை. பின்னாளில் வளர்ந்தோர் எடுக்கும் புத்தாண்டுத் தீர்மானங்களும் இப்பாடசாலை மரதனின் வார்ப்பிலேயே அமைந்துவிடுகின்றன.

இதற்கு உடலியற் காரணமும் உண்டு. ஓடத் தொடங்கிய சில வாரங்களில் இதயமும் நுரையீரலும் தேறிவிடும், மூச்சு எளிதாகும். தசைநாண்களும் எலும்புகளும் உறுதிப்பட மாதக்கணக்காகும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டுபவன், எலும்பு இன்னும் ஆயத்தமாகவில்லை என்பதை வலி வந்தபின்னரே அறிகிறான். சனவரியில் எடுத்த தீர்மானம் பெப்ரவரியில் நொண்டுவதற்கு மனவுறுதிக் குறைவு மட்டுமே காரணம் என்று கூறுதல் முறையன்று.

2025ஆம் ஆண்டுக்கு ஐவரும் வகுத்த இலக்கு ஒரு கூட்டுக் கணக்கு: எல்லோருமாகச் சேர்ந்து 5,000 கிலோமீற்றர். தலைக்கு 1,000, வாரத்துக்கு இருபதுக்குச் சற்றுக் குறைவு. யார் எவ்வளவு ஓடினாலும் தொகை நிறைந்தாற் போதும் என்பது உடன்பாடு. கொப்பியொன்று வாங்கப்பட்டது, எழுதுவினைஞர் கணக்குப் பொறுப்பாளர் ஆனார். கூட்டுறவு என்பதற்கு இதைவிட அழகிய வடிவம் இல்லை என்றே அப்போது தோன்றிற்று.

தொகைக் கணக்கின் தீமை, அதிற் பங்கு தெரியாமற் போவது. தொழில் மும்முரமான மாதங்களில் மீனவர் வரவில்லை. பரீட்சைக் காலத்தில் ஆசிரியை வரவில்லை. ஓகஸ்டில் மூத்தவருக்கு நெஞ்சிற் சிறு நோவு கண்டது. மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தி நடக்கும்படி பணித்தார். அவர் நடந்தார், ஆனால் நடந்த தூரத்தைக் கொப்பியில் எழுத மறுத்தார். “இது ஓட்டக் கணக்கு. நடை இதுக்குள்ள வராது” என்பது அவர் வாதம். வாரந்தோறும் தம் பெயருக்கெதிரே பூச்சியம் இடுவித்தார். நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை நாட்டின் பல மாவட்டங்களைப் போலவே மன்னாரையும் வெள்ளத்தில் ஆழ்த்திற்று. ஓட்டம் பற்றி எண்ணுவதற்கே எவருக்கும் மனம் வராத நாட்கள் அவை. வணிகர் கடைச் சாமான்களை உயர்த்தி அடுக்குவதிலும், மீனவர் அகப்பட்டோரை வள்ளத்தில் ஏற்றுவதிலும் ஈடுபட்டனர்.

நீர் வடிந்தபின் கொப்பியைத் திறந்த எழுதுவினைஞர் கண்டது, இலக்குக்கு இன்னும் பல நூறு கிலோமீற்றர் எஞ்சியிருப்பதை. அவர் எவருக்கும் சொல்லவில்லை. டிசம்பரில் நாளுக்கு இருமுறை ஓடினார். 31ஆம் நாள் மாலை கொப்பியில் 5,000 நிறைந்தது. அதில் 1,870 அவர் ஒருவருடையது. மறுநாள் அவராற் காலை ஊன்ற இயலவில்லை. கணைக்கால் எலும்பில் நுண்ணிய வெடிப்பு; எட்டு வாரம் ஓடலாகாது என்றார் மருத்துவர்.

இலக்கு எய்தப்பட்டது, ஓடியவன் முறிந்தான். 2026 சனவரி 4, ஞாயிறு காலை ஐவரும் கூடியபோது, அந்தக் கொப்பியைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் விருப்பம் இருக்கவில்லை. எழுதுவினைஞர் மோட்டார்ச் சைக்கிளின் பின்னிருக்கையில், மடியில் நீர்ப்போத்தல்களுடன் வந்திருந்தார். வணிகர்தாம் மௌனத்தைக் கலைத்தார்: “கணக்குச் சரி தம்பி. ஆனா வியாபாரம் நட்டம்.”

படுத்திருந்த நாட்களில் எழுதுவினைஞர் கைத்தொலைபேசியிற் பார்த்தது யப்பானின் ஹகோனே எக்கிடென் ஓட்டத்தை. 1920இல் தொடங்கிய இப்போட்டி, ஆண்டுதோறும் சனவரி 2, 3 ஆகிய நாட்களில், ரோக்கியோவிலிருந்து ஹகோனே மலைக்குச் சென்று மீளும் ஏறத்தாழ 217 கிலோமீற்றரைப் பத்துப் பத்து மாணவர் கொண்ட பல்கலைக்கழக அணிகள் பங்கிட்டு ஓடுவது. ஒவ்வொருவரும் இருபது கிலோமீற்றர் அளவில் ஓடி, தோளில் அணிந்த ‘தசுக்கி’ என்னும் துணிப்பட்டையை அடுத்தவனிடம் ஒப்படைப்பர். அணியொன்று குறித்த நேரத்துக்கு மேலாகப் பின்தங்கிவிட்டால், அடுத்தவன் அதற்குக் காத்திராது புறப்படல்வேண்டும். பட்டை அறுந்துவிட்டது என்பர். யப்பானியர் புத்தாண்டை வீட்டிலிருந்து இக்காட்சியைப் பார்த்தே கழிக்கின்றனர். பட்டை அறுந்துவிடக்கூடாது என்பதற்காகத் தள்ளாடி விழுந்து எழுந்து ஓடும் இளைஞனைக் கண்டு நாடு கண்ணீர் விடுகிறது. துணை என்பது தாங்குவது மட்டுமன்று. சில வேளைகளில் அது துரத்துவதுமாகும். எழுதுவினைஞரின் டிசம்பர் அத்தகையது. எவரும் அவரை ஓடச் சொல்லவில்லை. நால்வரின் வெற்றிடம் அவரைத் துரத்திற்று.

இப்போட்டியைத் தொடக்கியோருள் ஒருவரான ஷிசோ கனகுரியின் வரலாறு இதற்கு நேர்மாறான சுவையுடையது. 1912இல் ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதனில் வெப்பந் தாங்காது நடுவழியில் தளர்ந்த அவர், வழியோர வீடொன்றில் இளைப்பாறி, அதிகாரிகளுக்கு அறிவியாமலே நாடு திரும்பினார். சுவீடனில் அவர் காணாமற் போனவர் ஆனார். 1967இல், எழுபத்தைந்து வயதில், அழைப்பின்பேரில் மீண்டுஞ் சென்று எஞ்சிய ஓட்டத்தை முடித்தார். பதியப்பட்ட நேரம்: 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.3 செக்கன். எழுதுவினைஞர் இதனைச் சொல்லியபோது மீனவர் கேட்டது ஒன்றே: “இடையில மனுசன் சாப்பிட்டவரோ?”

சிரிப்பு அடங்கியபின் ஆசிரியை ஒரு யோசனையை முன்வைத்தார். தூரத்தை விட்டு நாளைக் கணக்கிடுவோம்; வாரத்துக்கு நான்கு நாட்கள் ஒவ்வொருவரும் வீதியிற் காலடி வைக்கவேண்டும்; ஆண்டுக்கு 208 நாட்கள்; ஒருவரின் நாளை இன்னொருவர் ஓடித் தரமுடியாது. எழுதுவினைஞர் மறுத்தார். நாட்கணக்கென்றால் ஒரு கிலோமீற்றர் ஓடிவிட்டு வீடு திரும்பலாமே என்றார். “சப்பாத்துக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள்ள வந்தவன் ஒண்டோட திரும்பமாட்டான்” என்றார் மீனவர். அது பெரும்பாலும் உண்மை. எனினும் எழுதுவினைஞரின் ஐயமும் முற்றாகத் தள்ளத்தக்கதன்று. எண்ணிக்கை எதுவாயினும் அதனை ஏமாற்ற வழியுண்டு. தூரக்கணக்கு ஏமாறும்போது உடல் முறிகிறது, நாட்கணக்கு ஏமாறும்போது சோம்பல் மிஞ்சுகிறது என்பதே வேறுபாடு; இரண்டில் சோம்பல் சிறிய கேடு.

உண்மையான தடை மூத்தவர். நாட்கணக்கிலும் நடை சேராது என்பதில் அவர் அசையவில்லை. ஓடாத ஒருவருக்கு ஓடுவோர் கூட்டத்தில் என்ன வேலை என்று கூறி, கொப்பியிலிருந்து தம் பெயரை நீக்குமாறு கேட்டுக்கொண்டார். பெருந்தன்மை போலத் தோன்றினும் அதனுள்ளே வீம்பும் இருந்தது. வீம்பினுள்ளே அச்சமும் இருந்தது. ஓகஸ்டு மாதத்து நெஞ்சுநோவைப் பற்றி அவர் மீண்டும் பேசியதேயில்லை.

ஆசிரியை அப்போது முள்ளியவளை அகிலத்திருநாயகி ஸ்ரீசெயானந்தபவனை நினைவூட்டினார். 2023 நவம்பரிற் பிலிப்பைன்சில் நடைபெற்ற மூத்தோர் மெய்வல்லுநர் போட்டியில், எழுபத்திரண்டு வயதில் இரு தங்கப் பதக்கங்களும் ஒரு வெண்கலப் பதக்கமும் பெற்று வந்த பெண்மணி அவர். வெண்கலம் 800 மீற்றர் ஓட்டத்துக்கு. தங்கத்தில் ஒன்று 1,500 மீற்றர் ஓட்டத்துக்கு. “மற்றத் தங்கம் எதுக்கெண்டு தெரியுமே மாஸ்ரர்?” என்று கேட்டார் ஆசிரியை. 5,000 மீற்றர் விரைவுநடைக்கு. மூத்தவர் விடை கூறவில்லை. சப்பாத்தின் நூலை அவிழ்த்து மீண்டும் கட்டினார். பெயர் கொப்பியில் நின்றது.

பின்னர் நாட்காட்டி விரிக்கப்பட்டது. பெப்ரவரி நடுப்பகுதியை எடுத்துப் பார்த்தபோது எல்லோருக்கும் வியப்பு. சிவராத்திரி பெப்ரவரி 15, ஞாயிறு. கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் பெப்ரவரி 18. றமழான் நோன்பு, பிறை கண்டபடி, 18 அல்லது 19. மூன்று சமயத்தாரின் நோன்பும் ஒரே வாரத்தில் தொடங்குகின்றன. கூட்டோட்டம் ஒழுங்கு செய்வோருக்கு இதைவிட இடர் வேறில்லை. வணிகர் அம்மாதம் முழுதும் பகலில் நீர் அருந்தார். அவருக்கு நோன்பு திறந்தபின் இரவில் ஓடுவதே ஏற்றது. இருட்டில் அவர் தனியே ஓடலாகாதென, முறைவைத்து ஒருவர் உடன்செல்வதென்று முடிவாயிற்று. சிவராத்திரி ஞாயிறன்று ஓட்டமில்லை. பாலாவித் தீர்த்தத்தைக் குடங்களில் மொண்டு சென்று இலிங்கத்துக்கு வார்க்கும் அடியார் கூட்டத்தால் அன்று வீதியில் ஓட இடமிராது. ஆசிரியையும் மூத்தவரும் அக்கூட்டத்தோடு நடப்பர். அந்த நடையும் நாட்கணக்கிற் சேரும் என்று மூத்தவரே சொன்னார்.

2019இல், சிவராத்திரிக்கு முதல் நாள், இதே வீதியோரத்தில் அலங்கார வளைவொன்று பற்றி இரு சமயத்தாரிடையே பிணக்கு மூண்டதை ஐவரும் அறிவர். அதுபற்றி அன்று எவரும் பேசவில்லை. பேசாமை எப்போதும் மறதி ஆகாது. இவ்வீதியில் அவர்கள் பேசாது கடக்கும் இடம் மற்றொன்றும் உண்டு. 2013 டிசம்பரிற் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்ட இடம் அது. தொடர்ந்த அகழ்வில் எண்பதுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அங்கு வந்ததும் உரையாடல் தானாக நின்று, சப்பாத்துகளின் ஒலி மட்டும் கேட்கும். அதனைக் கடந்து சிறிது தூரம் சென்றபின், பெரும்பாலும் மீனவரே பேச்சைத் தொடங்குவார், விட்ட இடத்திலிருந்து.

அன்றைய ஓட்டம் சிறியது. மூவர் ஓடினர், ஒருவர் நடந்தார், ஒருவர் மோட்டார்ச் சைக்கிளில் நீர் கொண்டு சென்றார். திரும்பி வந்து தேநீர் அருந்துகையில் புதிய கொப்பி திறக்கப்பட்டது. சென்ற ஆண்டின் கொப்பியில் ‘ஓட்டம்’ என்று தலைப்பு இருந்தது; இம்முறை அது பொருந்தாது. என்ன எழுதுவது என்று எழுதுவினைஞர் பேனையுடன் காத்திருந்தார். “வரவு எண்டு எழுது தம்பி. ஆர் வந்தது ஆர் வராதது எண்டதுதானே கணக்கு” என்றார் வணிகர். எழுதப்பட்டது. அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் ‘செலவு’ என்றும் ஒரு தலைப்பு வேண்டுமே என்று மீனவர் கேட்க, அதில் சப்பாத்தின் விலையை எழுதலாம் என்று வணிகர் சொன்னார். மூத்தவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். பழந்தமிழிற் செலவு என்பதற்குப் பயணம் என்றே பொருள் என்றும், அப்பக்கத்தை விலைக்கு விடாமல் தூரத்துக்கு ஒதுக்கவேண்டும் என்றும், தம் பெயருக்கெதிரே அன்றைய நான்கு கிலோமீற்றரை நடை எனக் குறித்து எழுதுமாறும் கூறினார்.